கேக்க ஆளில்லாத ஊரு

அந்த வண்டி வேணாம் ஆத்தா, சொன்னாக் கேளு. அது கம்பத்துலருந்தே நெறஞ்சு வர்ற வண்டி. கோயம்புத்தூரு வரைக்கும் கம்பியப் புடிச்சுட்டு நின்னுக்கிட்டேவா போவ? போகட்டும் விடு. அடுத்த வண்டி இங்கன தேனிலருந்தே எடுப்பான், ஏறுனதும் சன்னல் சீட்டு கெடைக்கும். நீ இப்பிடி உள்ள வந்து ஸ்டூல்ல உக்காரு. பைய அந்த ரிப்பன் பெட்டி மேல வையி, ஒண்ணும் நசுங்காது. யம்மா, என்னா கனம். வெளிய நின்னீன்னா இந்தக் காத்துக்கு மண்ண அள்ளி மூஞ்சில அடிக்கும். ஆடி முடியப் போகுது, இன்னும் இந்தக் காத்து அடங்க மாட்டேங்குது. காலையில கடை போர்டையே கழத்திட்டுப் போயிருச்சு.

என்னயத் தெரியுதுல்ல? அப்பாடா. தெரியாத மாதிரி மூஞ்சியத் திருப்பிட்டுப் போறியேன்னு பாத்தேன். சாராள் பெரியம்மாதான். அல்லிநகரத்துல எங்க வீட்டுக்குப் பின்னாடி நாங்க வாடகைக்கு விட்டுருக்குற குடோன்லதான ஒங்கப்பா வாழைக்காய் மண்டி போட்டுருக்காரு. மார்க்கையன்கோட்டைலருந்து காய் லோடு வர்றப்ப நீயும் டிரைவர் பக்கத்துல உக்காந்து வந்து எறங்குவ. ஓவியாவ எனக்குத் தெரியாதா. போன வாரந்தான ஒங்கப்பாவும் அம்மாவும் தட்டோட வந்து பத்திரிகை வச்சுட்டுப் போனாக. அந்தா, கல்லாவுக்கு மேல சொருகி வச்சுருக்கேன் பாரு. மாப்பிள்ளை மதன்குமாருன்னு பேரு, கம்பத்துல திராட்சைத் தோட்டம். ஒம் பேருக்குப் பின்னாடி பி.இ.ன்னு கொட்டை எழுத்துல போட்டுருக்காக. ஒங்கப்பாவுக்குப் பெருமை தாங்கல, அந்த ரெண்டு எழுத்த வெரல வச்சுத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாரு.

கல்யாணத்த அடுத்த வாரம் வச்சுக்கிட்டு ஒத்தைல எங்க கிளம்பிட்ட? கூடப் படிச்ச புள்ளைக்குப் பத்திரிகை வைக்கவா. ம். வச்சுட்டு சாயங்காலமே வந்துருவ. சரி. இம்புட்டுப் பெரிய பை நெறையா பத்திரிகைதான் இருக்கு போல. அட, மொறைக்காத, சும்மா கேட்டேன். கேக்குறது எங்க கொணம். பஸ் ஸ்டாண்டுல கடை வச்சுட்டு வாய மூடிட்டு இருக்க முடியுமா. ஊசி வாங்க வந்தவகட்ட ஊசியக் குடுத்துட்டு காசை வாங்குனா அது கடையா? யாரு வீடு, எங்க போறீக, புள்ளைக்கு வரன் அமைஞ்சுச்சா, இதெல்லாம் கேட்டாத்தான் மறுபடியும் வருவாக.

இந்தா, இந்தப் பன்னீர் சோடாவக் குடி. வேணாம்னு சொல்லாத, ஒடச்சுட்டேன். நல்லாக் குடி, மூஞ்சியே வாடிப் போயிக் கெடக்கு. காலையில சாப்புட்டியா இல்லையா.

போனு அடிக்குதா, அடிக்கட்டும். நம்ம வீட்டுக்காரவுகதான். மாத்திரை எங்கன வச்சேன்னு கேப்பாக, டிவி பக்கத்துலதான் இருக்கும். பெறகு பேசிக்கிறேன்.

என்னா சொன்ன? கோயம்புத்தூரு நல்ல ஊரா? இருக்கட்டும், யாரு இல்லன்னா. சிறுவாணித் தண்ணி, பெரிய பெரிய பாலம், எம்புட்டு நேரமானாலும் பொம்பளைப் புள்ளைக பஸ்ஸுல ஏறி எறங்குறாக. எல்லாம் நானும் பாத்தவதான். ஆனா ஊரு நல்ல ஊருன்னு சொல்றதுக்கு அதுவா கணக்கு? நம்ம தேனிக்கு என்ன கொறச்சல்? மூணு பக்கமும் மலை, வெயிலு கூட ஒரு அளவுக்கு மேல அடிக்காது. பஸ் ஸ்டாண்டுல எறங்குனா மூணாறுக்கும் வண்டி, மெட்ராசுக்கும் வண்டி. எதுவும் வேணும்னா ஒரு நடையில வாங்கிட்டு வந்துரலாம். ஆனா நான் அதையும் சொல்ல வரல. நல்ல ஊருன்னா, விழுந்தாத் தூக்க ஆளிருக்கணும். அம்புட்டுத்தான்.

எங்க வீட்டுக்காரவுக ஜெபராஜ் பெரியப்பா இருக்காகளே, போன வருசம் இந்தா நீ உக்காந்துருக்குற ஸ்டூல்லதான் உக்காந்துருந்தாக. வளையல் எண்ணிக் கட்டிக்கிட்டு இருந்தவுக அப்பிடியே நெஞ்சப் புடிச்சுட்டுச் சாஞ்சுட்டாக. நான் அவுக தலையத் தாங்கிப் புடிச்சேன். எதுத்தாப்புல பழக்கடை மலைச்சாமி இருக்காருல்ல, அவருதான் பாத்தாரு. ஓடி வந்து, அங்கன தக்காளி ஏத்திட்டு நின்ன லோடு ஆட்டோல இருந்த பெட்டியெல்லாம் ரோட்டுல எறக்கிப் போட்டு, அவுகளத் தூக்கி அதுல படுக்க வச்சாக. யாரு தக்காளி, யாரு வண்டி, ஒருத்தனும் கேக்கல. இன்னுங் கொஞ்சம் பிந்தியிருந்தா ஆளு இல்லம்மான்னு டாக்டரு சொன்னாரு. ஆஸ்பத்திரில இருந்து போடில இருக்குற எங்க கொழுந்தனாருக்குப் போன் போடுறேன், அவரு ஏற்கனவே பாதி வழி வந்துட்டாரு. யாரு சொல்லி விட்டதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அது ஊரு. கோயம்புத்தூருல நீ ரோட்டுல மயங்கி விழுந்தா ஒங்கப்பாவுக்கு யாரு சொல்லுவா?

ஏன், எதுக்குச் சிரிக்கிற? அதச் சிரிப்புன்னும் சொல்ல முடியல. சொல்லு, என்னாது.

ஜெராக்ஸ் கடையா? சின்னமனூருலயா. சரி.

வேலை கெடச்ச ஆர்டர ஜெராக்ஸ் போடப் போன. எந்த வேலை? ஓ. கோயம்புத்தூருல பம்பு செட்டுக் கம்பெனில படம் போடுற வேலை. பம்பு செட்டுக்கு என்னத்தப் படம் போடுறது? ஓ, அது இப்பிடித்தான் இருக்கணும்னு மொதல்ல கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் செய்வாகளா. பொம்பளைப் புள்ள பம்பு செட்டு செய்யுது. நல்ல கதையா இருக்கு. நல்லாத்தான் இருக்கு. அப்பறம்?

நீ ஜெராக்ஸ் எடுத்துட்டு வீட்டுக்கு வந்து சேரும்முன்னயே அந்தக் கடைக்காரரு ஒங்கப்பாவுக்குப் போன் பண்ணிட்டாரா.

கெட்ட எண்ணத்துல பண்ணிருக்க மாட்டாரு ஆத்தா. ஒம் மகளுக்கு வேலை கெடச்சுருச்சாமே, சுவீட்டு எங்கன்னு கேக்கத்தான் கூப்புட்டுருப்பாரு. தெரிஞ்சவுக புள்ளன்னு ஒரு உரிமைதான. அப்பிடித்தான் கூப்புட்டாராமா? நீயும் அதத்தான சொல்ற. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்புட்டாரு. அதுல ஒன் சர்டிபிகேட்டெல்லாம் பீரோவுக்குள்ள போயிருச்சு. ஒன் போனையும் வாங்கி வச்சுட்டாரு. அந்த வாரமே கம்பத்துலருந்து பொண்ணு பாக்க வந்துட்டாக.

மாப்பிள்ளை வீட்டுல கல்யாணத்துக்கப்பறம் வேலைக்கு விட மாட்டாகளா? ஒங்கப்பாவும் சரின்னுட்டாரா. ஒரு வருசம் மட்டும் போயிட்டு வர்றேன்னு கேட்டியா? சாப்புடாமக் கெடந்தியா. யாரும் காதுல வாங்கல. பத்திரிகைல மட்டும் பி.இ.ன்னு போட்டுட்டாக.

அழாத. அழாத தாயி. கண்ணத் தொடச்சுக்க, போறவுக வர்றவுக பாக்குறாக. இந்தா துண்டு.

இன்னைக்கு எப்பிடி வந்த? எல்லாரும் ஜவுளி எடுக்கச் சின்னமனூரு போயிட்டாக, அம்மா பீரோ சாவிய எங்க வைக்கும்னு ஒனக்குத் தெரியும். திங்கக்கெழம அங்கன வேலைக்குச் சேரணும். இந்தப் பை நெறையா துணியும் சர்டிபிகேட்டுந்தான். அப்ப நீ திரும்பி வர்றதுக்குப் போகல.

யாரும் பையன் கீயன் உண்டா? இல்ல, கேட்டேன். இல்லைல்ல. சரி. நான் கேக்காட்டி ஊரு கேக்கும். நாளைக்கு இந்தப் பஸ் ஸ்டாண்டு முழுக்க அதத்தான் பேசும். ஒரு புள்ள வேலைக்குப் போச்சுன்னு ஒருத்தரும் நம்ப மாட்டாக.

நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல. எனக்கு ஏன் புரியாது. எம் மக இவாஞ்சலின் அங்கனதான இருக்கா. காந்திபுரத்துப் பக்கம். தெரியாதா ஒனக்கு? ஊருக்கே தெரியுமே. கட்டிக் குடுத்த எடம் சரியில்லாம ரெண்டு வருசம் முன்னாடி வந்துட்டா. வந்தவ செருப்பக் கழத்தல, பக்கத்து வீட்டுல விசாரிச்சுட்டாக. நான் என்னா செஞ்சேன், எங்க சர்ச்சுல பொம்பளைக ஐக்கியம் உண்டுல்ல, அதுல ஜெபக் குறிப்பு குடுப்போம். இன்னாருக்கு ஒடம்பு சரியில்ல, இன்னாரு மகனுக்கு வேலை கெடைக்கணும், எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்கன்னு. நான் எம் மகளுக்காகக் குடுத்தேன். அவ குடும்பம் ஒண்ணு சேரணும்னு. ஜெபந்தான கேட்டேன், வேற என்ன கேட்டேன்?

மறுநாளே வந்துட்டாக. பிஸ்கட் பாக்கெட்டோட ரெண்டு பேரு, வாழைப்பழத்தோட மூணு பேரு. எல்லாரும் நல்லவுகதான். அவ கையப் புடிச்சுக்கிட்டு அழுகுறாக. அவன் அடிச்சானா, குடிச்சானா, நீ ஏதும் வாய் பேசுனியான்னு ஒவ்வொருத்தரும் மொதல்லருந்து கேக்குறாக. அவ ஒரு வாரம் ரூமுக்குள்ளயே இருந்தா. பெறகு ஒரு நாளு கெளம்பிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. போனதுக்கப்பறம்தான் போன் பண்ணுனா.

போன தடவ நான் போயி ஒரு வாரம் இருந்தேன். நாலு மாடிக் கட்டடம். எதுத்த வீட்டுல யாரு இருக்கான்னு இவளுக்குத் தெரியல. எனக்கு மனசே கேக்கல, நான் போயிக் கதவத் தட்டி, நாங்க தேனி, நீங்க எந்த ஊருன்னு கேட்டேன். அந்தம்மா பயந்து போயிக் கதவச் சாத்திருச்சு. இவ தலையில அடிச்சுக்கிட்டா. என்னாடி இது ஊரு, கேக்க ஆளில்லன்னு சொன்னேன். ஆமாம்மா, அதான்மா நல்லாருக்குன்னா.

அன்னைக்குச் சாயங்காலம் என்னய வெளிய கூட்டிட்டுப் போனா. ரோட்டோரத்துக் காபிக் கடையில உக்காந்து ரெண்டு பேரும் காபி குடிச்சோம். நான் சுத்திச் சுத்திப் பாக்குறேன், யாராச்சும் நம்மளப் பாக்குறாகளான்னு. ஒருத்தரும் பாக்கல. இவ பாட்டுக்குக் காலை ஆட்டிக்கிட்டு ஒரு முறுக்கக் கடிச்சுக்கிட்டு சிரிச்சுப் பேசுறா. கல்யாணத்துக்கு முன்னாடி பாத்தது அந்தச் சிரிப்ப. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. நம்ம ஊருல இம்புட்டுப் பேரு இருந்தும் எம் மகளச் சிரிக்க வைக்க முடியலயே, ஒருத்தருமே இல்லாத ஊருல சிரிக்கிறாளேன்னு.

ஆனா இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நல்ல ஊரு எதுன்னு கேட்டா இன்னைக்கும் தேனின்னுதான் சொல்லுவேன். எனக்கு இது நல்ல ஊரு. எம் புருசனத் தூக்கிவிட்ட ஊரு. அவளுக்கு நல்ல ஊரா இருந்துச்சான்னா என்னால சொல்ல முடியல. தூக்குறதுக்கு ஓடி வர்ற அதே ஆளுகதான் கேக்குறதுக்கும் ஓடி வர்றாக. அதுல ஒண்ண மட்டும் எனக்குக் குடு, இன்னொண்ணு வேணாம்னா எங்க போயிக் கேக்குறது.

மறுபடியும் அடிக்குதா. ஆமா, கேக்குது. இல்ல, வீட்டுக்காரவுக இல்ல. அப்பவும் அவுக இல்ல.

ஓவியா, இங்கன பாரு. நீ பதறாம உக்காந்துருந்தீன்னா ஒண்ணு சொல்லுவேன். பதறக்கூடாது. போன்ல ஒங்கப்பாதான்.

நாந்தான் கூப்புட்டேன். நீ பையோட பஸ் ஸ்டாண்டுக்குள்ள நொழையிறப்பவே பாத்துட்டேன். சத்தியமா ஒன்னயக் காட்டிக் குடுக்கணும்னு கூப்புடல ஆத்தா. முகூர்த்தக்கால் ஊனுன பெறகு பொண்ணு ஊரு எல்லையத் தாண்டக்கூடாதுல்ல. எங்கள்லயும் அப்பிடித்தான், சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சுட்டா பொண்ண வாசலத் தாண்டி அனுப்ப மாட்டாக. கல்யாண வேலையில பொண்ணையே மறந்துட்டீகளா, கூட ஒரு ஆளு அனுப்ப மாட்டீகளான்னு ஒங்கப்பாவத் திட்டத்தான் கூப்புட்டேன். அந்த ஜெராக்ஸ் கடைக்காரரு மாதிரியேதான். நீ அதச் சொன்னப்ப எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு நெனைக்கிற.

அழகுமலை, ஒம் மக இங்கன ஒத்தைல நிக்குதுப்பான்னேன். அவரு கொரலத் தாழ்த்தி, உக்கார வச்சுரு அக்கா, விட்டுறாத, நானும் சுருளியும் வர்றோம்னாரு. அந்தக் கொரலக் கேட்டப்பறந்தான் நீ வீட்டுல சொல்லாம வந்துருக்கன்னு எனக்கே வெளங்குச்சு. வெளங்குனப்பறமும் ஒன்னய உள்ள கூப்புட்டு உக்கார வச்சேன் பாரு, அதுதான் எனக்குத் தாங்கல. அந்த மொத வண்டியில கூட்டமே கெடையாது. காலியாத்தான் போச்சு. நான் பேசிப் பேசி ஒன்னயப் புடிச்சு வச்சுருந்தேன்.

என்னய வையி. நல்லா வையி. ஆனா இப்ப இல்ல, நேரமில்ல. ஒங்கண்ணன் சுருளிராஜன் கோவக்காரன், அவன் இங்கன வந்து எறங்கிட்டான்னா அப்பறம் ஒன்னய அடுத்த வாரம் மணவறையிலதான் நான் பாக்கணும். வீரபாண்டி தாண்டிருப்பாக இந்நேரம். மொத கேட்டு வழியாத்தான் கார் வரும். கோயம்புத்தூரு வண்டிக்கு இனி நிக்காத. நீ இந்தக் கடைக்குப் பின்பக்கமாப் போ, அங்கன பெரியகுளம் டவுன் பஸ் உறும ஆரம்பிச்சுட்டான், கேக்குதா? அதுல ஏறிரு. பெரியகுளத்துல எறங்கி வத்தலக்குண்டு வண்டி மாறு. அங்கருந்து கோயம்புத்தூருக்கு நெறையா வண்டி. பைய நான் தூக்கித் தர்றேன், துப்பட்டாவத் தலைல போட்டுக்க. சோடாவ விட்டுரு, குடிச்ச வரைக்கும் போதும்.

எனக்கு என்னா ஆகும்? ஒங்கப்பா கடை வாசல்ல நின்னு கத்துவாரு. குடோனக் காலி பண்ணுறேம்பாரு. ஒங்கம்மா என்னோட பேச மாட்டா. கத்தட்டும், நான் பாத்துக்கிறேன். வயசுக்கு வந்த படிச்ச புள்ள, போறேன்னு சொல்லிச்சு, அனுப்பிட்டேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுவேன். அது பொய் இல்லைல்ல. பாதிதான் பொய்.

பாத்து எறங்கு, இங்கன படி ஒடஞ்சு கெடக்கு. ஏப்பா கண்டக்டரு, இந்தப் புள்ள பெரியகுளம் வருது, செத்த நில்லுப்பா.

என்னா? எதுக்குக் காகிதத்தத் தேடுற? எங்கன தங்கப் போறேன்னு எழுதித் தர்றியா? இம்புட்டும் கேட்டதுக்கப்பறமும் என்னய நம்புறியே தாயி.

வேணாம். எழுதாத. ஹாஸ்டல் பேரு, தெருப் பேரு, கம்பெனிப் பேரு ஒண்ணும் சொல்லாத. வாயத் தொறக்காத. ஒங்கப்பா வந்து கத்துனாக் கூட நான் தாங்கிக்குவேன். ஆனா நாளைக்கு ஒங்கம்மா வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதான்னா, நான் சொல்லிப்புடுவேன் ஆத்தா. ஏறு.